சாகுல் பாய் வாங்காத ரிவால்வர்

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி இருக்கும். டோல்வேயில் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஹூஸ்டன் பக்கத்துப் பேர்லேண்டிலிருந்து சாகுல் பாயின் மனைவி ஃபாத்திமா அக்காவின் போன். அந்த நேரத்தில் அவர் கூப்பிட்டதே கிடையாது. “தம்பி, அவங்க நம்மள விட்டுட்டுப் போய்ட்டாங்க,” என்றார். “சுபுஹு தொழுதுட்டு கொஞ்சம் படுக்கறேன்னாங்க. டீ போட்டுட்டு எழுப்பப் போனேன். உடம்பு சில்லுன்னு இருந்துச்சு.” நான் அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, ஏதோ ஒரு கடையின் பார்க்கிங் லாட்டில் காரை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். சாகுல் பாய்க்கு ஐம்பத்து மூன்று வயது. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார்கள். ஐந்து மணி நேரம் ஓட்டிப் போய்ச் சேர்ந்தேன்.

இங்கே டெக்சஸில் இதைப் படிக்கிற பிளானோ நண்பர்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். நோன்பு மாதத்தில் பெரிய டப்பாவில் கஞ்சி கொண்டுவந்து, ஆபீசில் கியூப் கியூபாகப் போய் ஒவ்வொருவர் மேஜையிலும் கொடுத்தாரே, அந்தக் கீழக்கரைக்காரர். எங்கள் கம்பெனியில் டெஸ்டிங் லீட். நான் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வந்து அவருக்கு அடுத்த கியூபில் உட்கார்ந்த டெவலப்பர். நான் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிப்பது அவர் உத்தியோகம். “கோடு அழகா இருக்கு தம்பி, ஓடத்தான் மாட்டேங்குது,” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். அந்த எரிச்சலிலேயே நாங்கள் நெருங்கிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமையானால் இரண்டு பேரும் காடு, ஏரிக்கரை என்று மைல் கணக்கில் நடப்போம்.

எங்கள் டீமில் டேல் என்று ஒரு டெக்சஸ்காரர் இருந்தார். அறுபதை நெருங்கியவர், அதிகம் பேசமாட்டார். கிழக்கே இரண்டு மணி நேரத் தொலைவில் அவருக்குப் புதரும் மரமுமாக நிலம் இருந்தது. 2002 குளிர்காலத்தில் எங்களை மான் வேட்டைக்குக் கூட்டிப்போனார். பாயின் மார்க்கச் சட்டப்படி குண்டு பட்டுச் செத்த மான் ஆகாது. உயிர் இருக்கும்போதே போய், பிஸ்மி சொல்லி அறுக்கவேண்டும். டேல் கொடுத்த ரைபிளால் பாய் சுட்டார். மான் விழுந்து, எழுந்து, முள்புதருக்குள் போய் மறுபடி விழுந்தது. கத்தியை எடுத்துக்கொண்டு ஓடியவரை டேல் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். உள்ளே காட்டுப்பன்றிகள் உறுமுகிற சத்தம். குனிந்து தவழ்ந்து போகவேண்டிய அந்த இடத்தில் நீளமான ரைபிளைத் திருப்பக்கூட முடியாது. பன்றிகள் விலகக் கால் மணி நேரம் ஆனது. நாங்கள் போனபோது மானின் கண் திறந்திருந்தது, உயிர் இல்லை. பாய் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். “வாயில்லா ஜீவன இவ்வளவு நேரம் துடிக்க விட்டுட்டேனே,” என்றார். கறியை டேலிடமே விட்டுவிட்டு வந்தோம். இடுப்பில் ஒரு ரிவால்வர் இருந்தால் ஒரு கையில் அது, ஒரு கையில் கத்தி என்று உள்ளே போயிருக்கலாம், ஒன்று வாங்கிக்கொள் என்று டேல் சொன்னார்.

அவ்வளவுதான், மனிதருக்குள் இருந்த டெஸ்டர் விழித்துக்கொண்டார். எட்டு வாரம்! கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறவன்கூட அவ்வளவு யோசித்திருக்க மாட்டான். எக்செல் ஷீட் ஒன்று தயாரானது. பாம்பு, பன்றி, மான் என்று ஒரு பக்கம். எடை, குழல் நீளம், உதைப்பு, துரு பிடிக்குமா என்று இன்னொரு பக்கம். ஒவ்வொரு கட்டத்திலும் பாஸ் அல்லது ஃபெயில். ஃபார்ட்டி ஃபோர் மேக்னம் கரடியையே சாய்க்கும், ஆனால் இரண்டாவது குண்டுக்குள் கை குறி தவறிவிடும் என்றார். சட்டைப்பையில் போடுகிற சின்ன ரிவால்வரைப் பன்றி மதிக்காது. எடையைப் பரிசோதிக்க அவர் செய்த காரியம்தான் பெரிய கூத்து. துவரம்பருப்பை இரண்டரை பவுண்ட், மூன்று பவுண்ட் என்று பொட்டலம் கட்டி, பெல்ட்டில் தொங்கவிட்டுக்கொண்டு ஏழு மைல் நடந்தார். ஃபாத்திமா அக்கா தலையில் அடித்துக்கொண்டார். “ஊர்ல நாய கூட்டிட்டு வாக்கிங் போவாங்க, இவங்க பருப்ப கூட்டிட்டுப் போறாங்க!” பாய் அசரவில்லை. “அஞ்சாவது மைல்ல எந்தப் பொட்டலத்த கழட்டி எறியத் தோணுதோ அந்தத் துப்பாக்கி நமக்கு ஆகாது,” என்றார். கடைசியில் நாலு அங்குலக் குழல் வைத்த, த்ரீ ஃபிஃப்டி செவன் என்கிற நடுத்தர ரகம், வேர்வைக்குத் துருப்பிடிக்காத எவர்சில்வரில் என்று முடிவானது. அதன் எடைக்குச் சமமான இரண்டரை பவுண்ட் பருப்பு பாஸ் ஆகியிருந்தது.

அந்த ஷீட்டை எனக்கு அனுப்பினார். எந்தக் காகிதமானாலும் அடியில் ‘தயாரித்தவர்’ என்று தன் பெயரையும், ‘சரிபார்த்தவர்’ என்று ஒரு கட்டத்தையும் போடாமல் அவருக்குத் தூக்கம் வராது. ஆபீஸ் பழக்கம் அப்படி. மாமியாருக்கு மளிகை லிஸ்ட் போட்டாலும் அப்படித்தான் போட்டிருப்பார். ‘சரிபார்த்தவர்’ கட்டத்தில் நான் என் பெயரைப் போட்டுத் திருப்பித் தரவேண்டும். லஞ்சுக்கு நடுவே படிக்கலாம் என்று அதை ஆபீஸ் பிரிண்டருக்கு அனுப்பினேன். யாரோ மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டேன். மறந்தும்விட்டேன்.

2003-ஆம் வருஷம் அது. என்ன மாதிரியான வருஷம் என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். இரட்டைக் கோபுரங்கள் விழுந்து இரண்டு வருஷம்கூட ஆகாத, முஸ்லிம் பெயரைக் கண்டாலே சந்தேகப்பட்ட நேரம். துப்பாக்கிகளின் பட்டியல், கீழே சாகுல் ஹமீது என்று பெயர். மூன்று மணிக்குள் அந்தக் காகிதம் எச்.ஆர். மேஜையில் இருந்தது. நாலு மணிக்கு செக்யூரிட்டி ஆட்கள் இரண்டு பேர் வந்து பாயை அழைத்துப்போனார்கள். அவருடைய தொப்பியும் டப்பர்வேரும் மேஜையிலேயே இருந்தன. யார் பிரிண்ட் எடுத்தது என்று ஒருவரும் தேடவில்லை. கீழே இருந்த பெயர் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு அம்மாள், ஒரு செக்யூரிட்டி மேனேஜர், நடுவில் அந்தக் காகிதம். நீங்கள் இருவரும் நெருக்கமாமே, இது எதற்கு என்று தெரியுமா, சரிபார்த்தவர் என்று காலியாக இருக்கிறதே அது யார் என்று கேட்டார்கள். நான் அப்போது எச்-1பி வேலை விசாவில் இருந்தேன். கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணி முதல் படியில் நின்றது. என் மனைவிக்கு ஆறாவது மாதம். இதையெல்லாம் காரணமாகச் சொல்கிறேன், நியாயமாகச் சொல்லவில்லை. “எனக்குத் தெரியாது. நாங்கள் லஞ்ச் மட்டும்தான் சேர்ந்து சாப்பிடுவோம்,” என்றேன். வேட்டைக்குப் போனது உண்டா என்று கேட்டார்கள். “இல்லை,” என்றேன். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் அன்றைக்கு இருந்தது ஒரு மனிதன் இல்லை. வாய் கூசாமல் சொல்லிவிட்டு, வெளியே வந்து காபி குடித்தேன். குடிக்க முடிந்தது என்பதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டதால் பாய் பன்னிரண்டு நாள் வீட்டில் இருந்தார். கோட் போட்ட அரசாங்க ஆட்கள் இரண்டு பேர் மூன்று தடவை அவர் வீட்டுக்கு வந்தார்கள். ஃபாத்திமா அக்காவின் சமையலறை டப்பாக்களைத் திறந்து பார்த்தார்கள். பொட்டலம் கட்டிய பருப்பை, இது ஏன் இந்த எடையில் கட்டியிருக்கிறது என்று அரைமணி நேரம் கேட்டார்களாம். நான் ஒரு தடவை போன் பண்ணினேன். அவர் எடுப்பதற்குள் நானே வைத்துவிட்டேன்.

பதிமூன்றாம் நாள் அவரைத் திரும்ப வரச் சொன்னார்கள். பார்க்கிங் லாட்டில் நேராக என்னிடம் வந்து கட்டிப்பிடித்தார். ஆள் இளைத்திருந்தார். “என்கூட வேட்டைக்கு வந்தவரு ஒருத்தரு தானா வந்து எல்லாத்தையும் விளக்கிச் சொன்னாருன்னாங்க தம்பி. பேர் சொல்லல. எனக்குத் தெரியாதா? நம்மாளு உன்னத் தவிர யாரு போவா?” அவர் கண் கலங்கியிருந்தது. என் வாயில் என்ன இருந்ததோ, “பரவால்ல பாய்,” என்றேன்.

போனவர் டேல். அதை அவரே காபி மெஷின் பக்கத்தில் என்னிடம் சொன்னார், ஏதோ மழை பெய்ததைச் சொல்வது போல. அது என் நிலம், நான்தான் வாங்கச் சொன்னேன் என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன், உன்னையும் கூப்பிட்டார்களே, நீ என்ன சொன்னாய் என்று கேட்டார். நானும் அதையேதான் சொன்னேன் என்றேன். அடுத்த மாதம் டேல் ரிட்டயர் ஆகித் தன் நிலத்துக்கே போய்விட்டார். செய்ததைச் சொல்லிக்கொண்டு திரிகிற ரகம் இல்லை அவர்.

அதற்குப் பிறகு பாய் வேட்டைக்குப் போகவில்லை. காட்டில் நடப்பதையும் விட்டுவிட்டார். அக்கா ஏதோ சத்தியம் வாங்கிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். 2004 லேஆஃபில் முதல் பட்டியலிலேயே அவர் பெயர் வந்தது. ஹூஸ்டனில் வேலை கிடைத்து பேர்லேண்டுக்குப் போனார்கள். எட்டு வாரம் பருப்பைச் சுமந்து தேர்ந்தெடுத்த அந்த ரிவால்வரை அவர் வாங்கவே இல்லை.

நான் வாங்கினேன். 2007-இல் கிரீன் கார்டு வந்த கையோடு, மலைக்காடுகளில் ஏறவேண்டும், துணைக்கு ஒரு ரிவால்வர் வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. வெட்கமே இல்லாமல் அவரிடமே யோசனை கேட்டேன். ஒரு கல்யாணத்துக்காக பிளானோ வந்திருந்தவர் கூடவே கடைக்கு வந்தார். கடைக்காரர் ரிவால்வரை எடுத்து, பெரியவர் என்பதால் அவரிடம்தான் நீட்டினார். பாய் சட்டென்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். “நீ பிடி,” என்றார். தொடாமலே சொல்லிக்கொடுத்தார். மொதல்ல தொறந்து காலியான்னு பாரு. இப்ப சிலிண்டர ஆட்டிப் பாரு, ஆடுதா? பிடில சுண்டுவிரல் உக்காருதா? பெரிய ஃபார்ட்டி ஃபோர் மீது என் கண் போனதைப் பார்த்துச் சிரித்தார். “பயத்துக்கு வாங்குறவன் பெருசா வாங்குவான் தம்பி. வேலைக்கு வாங்குறவன் அளவா வாங்குவான்.” அவர் ஷீட்டில் பாஸ் ஆன அதே த்ரீ ஃபிஃப்டி செவனை எடுத்தேன். கவுண்ட்டரில் என் பெயரைக் கொடுத்து, போனில் சரிபார்த்து, இருபது நிமிடத்தில் கையில் கொடுத்துவிட்டார்கள். பாய் அந்த இருபது நிமிடமும் சுவரில் மாட்டியிருந்த மான் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லிவிடலாம் என்று காரில் வரும்போது மூன்று தடவை வாயைத் திறந்தேன். அவர் என் பெண்ணின் டேகேர் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது ஃபாத்திமா அக்கா திரைக்குப் பின்னாலிருந்து என்னைக் கூப்பிட்டார். “தம்பி, அவங்கள பத்தி நீங்கதான் எழுதணும். நீங்க எச்.ஆர்.ல போய்ச் சொன்னத கட்டாயம் எழுதுங்க. கெட்ட நேரத்துல ஒரு ஆளாவது நின்னான்னு எல்லார்கிட்டயும் சொல்லுவாங்க. கல்யாணத்துல, பெருநாள்ல, எங்க போனாலும் இதேதான்.” அவருடைய மகள் நஸ்ரீனும் வந்து, “தேங்க் யூ, அங்கிள்,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். தலையாட்டிவிட்டு வந்தேன். அன்றும் தலையாட்டத்தான் தெரிந்தது எனக்கு.

அதனால் எழுதுகிறேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஆறு வருஷத்து மரியாதை. கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்காரவைத்தது, போனில் என் குரல் கேட்டதும் “சொல்லு, என் சிங்கம்,” என்றது, எல்லாம் இன்னொருவருக்குப் போயிருக்க வேண்டியவை. அந்த அறையில் உண்மையைச் சொன்னவர் டேல். நான் தெரியாது என்று சொன்னேன். காகிதத்தைப் பிரிண்டரில் விட்டதும் நான்தான். பாய், உங்களிடம் இதைச் சொல்ல எனக்கு ஆறு வருஷம் இருந்தது.

இதை அச்சுக்கு அனுப்புமுன் நேற்று ஃபாத்திமா அக்காவுக்கு போன் பண்ணி, முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக் காட்டினேன். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “டேல் சாரோட நம்பர் இருக்கா?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிப் படித்துச் சரிபார்த்துவிட்டு, போனை வைத்துவிட்டார்.