வெண்டைக்கு வரப்பு கட்டிய அப்பா

அம்மா போன பிறகு அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. தட்டில் சோறு போட்டால் நாலு வாய் எடுப்பார். "போதும்டா" என்று தட்டை நகர்த்திவிடுவார். என் சமையல் மோசம்தான். ஒன்பதாவதோடு படிப்பை விட்டு டூவீலர் ஒர்க்‌ஷாப்புக்குப் போனவன் நான். அடுப்படிப் பக்கம் போனதே அம்மா படுத்த பிறகுதான். ஆனால் கடையில் வாங்கிவந்து வைத்தாலும் அதே நாலு வாய்தான். சட்டை அவர் தோளில் ஹேங்கரில் மாட்டியது போலத் தொங்கியது. எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவும் முதலில் சாப்பாட்டைத்தான் குறைத்தாள்.

அவள் வைத்தியத்துக்காகத்தான் திருத்துறைப்பூண்டிப் பக்கமிருந்து தஞ்சாவூர் வந்தோம். வாடகை வீடு. பக்கத்தில் ஒரு காலி மனை, கருவை மண்டி, கேரி பேக்கும் பாட்டிலுமாகக் கிடக்கும். படுக்கையிலிருந்து ஜன்னல் வழியாக அம்மா அதையே பார்ப்பாள். "இவ்ளோ எடம் சும்மா கெடக்கு பாரு. நாலு கத்திரி வச்சா என்ன?" என்பாள்.

ஊரில் கொல்லையில் அவள் வைக்காத காய் கிடையாது. நடவுக்குப் போய்விட்டு வருவாள். கெண்டைக்காலில் சேறு வெள்ளையாகக் காய்ந்திருக்கும். கால்கூடக் கழுவாமல் நேராகக் கொல்லைக்குப் போய், மடியில் கத்தரிக்காயோடுதான் வீட்டுக்குள் வருவாள். குழம்பு கொதிக்கிற வாசம் வந்தால் அப்பா கூப்பிடாமலே வந்து தட்டைப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

அதே காயை இங்கே விளைய வைத்துக் கொடுத்தால் சாப்பிடுவாரோ என்று தோன்றியது. வேறு பெரிய யோசனை எல்லாம் இல்லை.

மனைக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். வீட்டுக்காரம்மா அவரிடம் போனில் பேசிவிட்டு வந்து சொன்னார். "போட்டுக்கச் சொல்லிட்டாருப்பா. வேலி மட்டும் கட்டக் கூடாதாம். நாளைக்கு எடம் எங்களுதுன்னு உக்காந்துடுவீங்களோன்னு பயம்."

"கத்திரிச் செடிய வச்சு எடத்தப் புடிக்க முடியுமாக்கா?"

"நீ சிரிக்கிற. அவரு சிரிக்கல."

ஞாயிற்றுக்கிழமைகளில் கருவையை வெட்டினேன். கையெல்லாம் முள். செங்கல் உடைசலைப் பொறுக்கி ஓரத்தில் குவித்தேன். வெண்டை விதை ஊன்றி, கத்தரி நாற்று வாங்கி நட்டேன். அப்பா ஜன்னலிலிருந்து பார்ப்பார். வெண்டை இரண்டு இலை விட்டது.

ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் அப்பா மனையில் நின்றுகொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால்வரை சேறு. அவரை அப்படிப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! சந்தோஷமாக ஓடினேன். கிட்டே போன பிறகுதான் தெரிந்தது. நாலு பக்கமும் நூல் பிடித்தாற்போல வரப்பு போட்டு, ஹோஸைத் திறந்து விட்டு, வயல் மாதிரித் தண்ணீர் கட்டியிருந்தார். வெண்டைக்கன்று தலை மட்டும் தெரிந்தது.

"என்னப்பா பண்ணி வச்சிருக்க?"

"வரப்பு இல்லாம தண்ணி எப்படிடா நிக்கும்? ஊத்த ஊத்த ஓடிப்போவுது."

"நிக்க வேணாம்ப்பா. இது நெல்லு இல்ல."

"தண்ணி நிக்காம எந்தப் பயிருடா வந்துருக்கு? செல்போனப் பாத்து வெவசாயம் பண்ற ஆளு, நீ எனக்குச் சொல்றியா?"

உண்மையில் எனக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா, வாய்க்காலுக்கு வந்துவிட்டதா என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவன் நான். தண்ணீர் அதிகமாவதால் ஒரு செடி சாகும் என்று மனது ஒப்பவில்லை. விட்டுவிட்டேன்.

சில நாளில் வெண்டை சாய்ந்தது. கத்தரி மஞ்சளாகிவிட்டது. அப்பா குனிந்து ஒரு கன்றைப் பிடுங்கினார். வேர் கறுத்து, கொழகொழவென்று கையோடு வந்தது. அதைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனார். அன்று அந்த நாலு வாய்கூட எடுக்கவில்லை.

நானும் சாப்பிடாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அம்மா கொல்லையில என்னதான்ப்பா பண்ணுவா?"

இத்தனை வருஷம் தின்ற எங்கள் இரண்டு பேருக்கும் அவள் எப்படி வளர்த்தாள் என்று தெரியவில்லை. "அரிசி களைஞ்ச தண்ணிய கீழ ஊத்த மாட்டா. காலையில எலையில சாம்பல் தூவுவா" என்று ஞாபகம் வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"பதர அள்ளிட்டுப் போவா" என்றார் அப்பா திடீரென்று.

"என்னது?"

"களத்துல நெல்லு தூத்துனா, பதரு பூரா கூடையில அள்ளிக்கிட்டுக் கொல்லைக்குப் போவா. எதுக்குடின்னா சொல்ல மாட்டா." சுவரில் சாய்ந்துகொண்டார். "ஒரு ஐப்பசியில பேய் மழ. நீ அப்ப சின்னப் புள்ள. கொல்ல பூரா முட்டி அளவு தண்ணி. அவ கத்திரி மட்டும் மேல நிக்கிது. மேடுடா. மண்ணையும் பதரையும் குமிச்சு மேடு கட்டி, அது மேல வச்சிருந்தா." கையால் உயரம் காட்டினார். "என்னடி, வாய்க்காக் கரையையே வீட்டுக்குக் கொண்டாந்துட்டியான்னு கேலி பண்ணேன். அதுக்கு என்னா திட்டு திட்டுனா!"

அம்மா போன பிறகு அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

காலையில் எழுந்து பார்த்தால், தான் போட்ட வரப்பைத் தானே வெட்டிச் சரித்து, அந்த மண்ணால் மேடு கட்டிக்கொண்டிருந்தார். நான் ரைஸ்மில்லில் ஒரு மூட்டை உமி வாங்கி வண்டியில் கொண்டுவந்தேன்.

"உமி வேற, பதரு வேற" என்றார்.

"டவுன்ல இதான்ப்பா கெடைக்கும்."

முணுமுணுத்துக்கொண்டே கொட்டிக் கலந்தார். மறுபடி வெண்டை போட்டோம். இந்த முறை நாட்டுக் கத்தரி, இலையெல்லாம் முள். மழைக்காலம் வந்தது. தெருவே வாய்க்காலாக ஓடியது. அப்பா குடையைப் பிடித்துக்கொண்டு மனை ஓரத்திலேயே நின்றார். மேடு கரையவில்லை. மழை விட்ட பிறகு தெருமாடு ஒன்று வந்து வெண்டை பூராவும் தின்றுவிட்டுப் போனது. முள்ளுக்குப் பயந்து கத்தரியை விட்டுவிட்டது.

முதல் காயைப் பறித்து நான்தான் குழம்பு வைத்தேன். அப்பா ஒரு வாய் எடுத்தார்.

"புளி ஜாஸ்தி."

"ம்."

"காய எண்ணெயில வதக்கிட்டுல்ல போடணும்? உங்கம்மா அப்படித்தான் போடுவா. நீ பச்சையா போட்டுருக்க."

குறை சொல்லிக்கொண்டே பிசைந்தார். நான் தலையைத் தூக்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவாரோ என்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் தட்டை நகர்த்துகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான் என்று நினைத்து நிமிர்ந்தேன்.

தட்டு சோற்றுச் சட்டிக்குப் பக்கத்தில் வந்திருந்தது.

"கொஞ்சமா போடு" என்றார். "கொழம்பு மட்டும் ஊத்து. காய நீ வச்சிக்க."

காயையும் சேர்த்தே போட்டேன். அம்மா இருந்திருந்தால் இந்தக் குழம்பை வாயில் வைத்திருக்க மாட்டாள். அதை நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சினேன்.

"நான்தான் சொன்னேன்ல, புளி ஜாஸ்தின்னு" என்றார் அப்பா, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.