லக்கேஜ் பெல்ட்டுக்கு எதிர்ச்சுவர்

அந்த அறிவிப்பை எனக்கு அனுப்பியவர் எங்கள் பள்ளியின் ஆங்கில ஆசிரியை. நகரத்தில் விமான நிலையத்தைப் புதுப்பிக்கிறார்களாம். உள்ளே வைக்க ஓவியங்களும் சிற்பங்களும் வேண்டும், வெளி மாவட்டக் கலைஞர்களும் விண்ணப்பிக்கலாம் என்று நகரத்தின் பொதுக்கலைத் திட்டம் கேட்டிருந்தது. "நீங்க போடுங்க. கெடச்சா நான் பிளைட்டுல போயி பாத்துட்டு வரேன்" என்றார்.

நான் கச்சிராயபாளையத்தில் இருக்கும் ஓவிய ஆசிரியை. என் கணவர் கரும்பு ஏற்றும் டிராக்டர்களுக்கு டிரெய்லர் கட்டும் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். இருவருமே விமானத்தில் ஏறியதில்லை. விமான நிலையத்தின் வாசலைக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் கோடை விடுமுறையில் உட்கார்ந்து ஒரு படம் வரைந்தேன். வெட்டிய கரும்பைத் தலையில் சுமந்துகொண்டு ஏழு பெண்கள் வரப்பில் வரிசையாகப் போகிறார்கள். அவர்களுக்கு முன்னால் கல்வராயன் மலை. இதை இரும்புத் தகட்டில் வெட்டி, அடுக்கடுக்காகச் சுவரில் பொருத்தலாம் என்று எழுதி அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்து வீடியோவில் கூப்பிட்டார்கள். ஐந்து பேர் கொண்ட குழு. ஒருவர் மட்டும், "இதுல எங்கயாவது ஒரு விமானம் வருமா?" என்று கேட்டார். "எங்க ஊர் மேல பறக்குதுங்க, ஆனா கரும்பு தூக்கறப்ப யாரும் நிமிந்து பாக்கறதில்ல" என்றேன். துடுக்காகப் பேசிவிட்டோமோ என்று பிறகு பயந்தேன். தேர்வாகிவிட்டது. பயணிகள் பெட்டிகளுக்காகக் காத்திருக்கும் கூடத்தில், லக்கேஜ் பெல்ட்டுக்கு எதிர்ச்சுவர் எங்களுக்கு. முப்பது அடி நீளம், எட்டு அடி உயரம்.

சர்க்கரை ஆலையில் அரவை முடிந்து பட்டறையில் வேலை குறைந்திருந்த மாதம் அது. காக்கித் தாளை ஒட்டி ஒட்டி முப்பது அடிக்கு நீட்டி, பட்டறைத் தரையில் விரித்து, முழு அளவில் வரைந்தேன். அதன் மேல் செருப்போடு யாரும் நடக்கக்கூடாது என்று என் கணவர் வாசலில் குறுக்கே ஒரு கயிறு கட்டிவிட்டார்.

அந்தக் கயிற்றுக்கு வெளியே நின்றுதான் அக்கா முதலில் பார்த்தார். இரண்டு தெரு தள்ளி இருப்பவர், ஊரே அக்கா என்றுதான் கூப்பிடும். ஐம்பது வயதிருக்கும். கரும்பு வெட்டப் போகும் பெண்களுக்கு அவர் வைத்ததுதான் சட்டம். எந்த வயல், எத்தனை ஆள், எப்போது கிளம்புவது என்பதெல்லாம் அவர் வாய்ச்சொல். கத்திக்குப் பிடி போட வந்தவர், தாளை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார்.

"இன்னா டீச்சர், அல்லாரும் முதுவ காட்டிக்கினு போறாங்க?"

"மலையப் பாத்து நடக்கறாங்க அக்கா."

"மலைய நாங்க டெய்லி பாக்கறோம். அங்க வர்ற ஜனம் எங்க மூஞ்சிய பாக்க வேணாமா? யாரு இன்னான்னு தெரியாம முதுவ பாத்து இன்னா பண்ணுவாங்க?"

என் கணவர் கிரைண்டரை நிறுத்திவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அப்பாவுக்கு வடக்கனந்தல் பக்கம் இரண்டு ஏக்கர் கரும்பு இருந்தது. சின்ன வயதில் வெட்டு நடக்கும்போது வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். குனிந்து வெட்டுகிற முதுகு, சுமந்து போகிற முதுகு. அதைத்தான் இத்தனை வருடம் கழித்தும் வரைந்திருக்கிறேன். ஒரு முகம்கூட எனக்கு ஞாபகத்தில் இல்லை. அழகான படம் என்று நான் நினைத்திருந்தது அன்று மதியம் முழுக்க என்னை உறுத்தியது.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். "நீங்களும் உங்க ஆளுங்களும் வந்து நிக்கறீங்களா? மூஞ்சி தெரியற மாதிரி வரையறேன்" என்றேன். அவர் உலையில் அரிசியைப் போட்டபடியே, "ஞாயித்துக்கெழம வரோம். எனக்கு மட்டும் தலையில கரும்பு வேணாம்" என்றார்.

"ஏன் அக்கா?"

"ஏழு பேருல ஒருத்தியாச்சும் சொமய எறக்கி வெச்சிட்டு நிக்கட்டுமே."

ஞாயிற்றுக்கிழமை ஏழு பேரும் வந்தார்கள். வெட்டுக்குப் போகும்போது போடுகிற ஆண்பிள்ளைச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருந்தேன். ஒருத்தி மட்டும் கல்யாணப் புடவையில் வந்துவிட்டாள். மூக்குத்தி தெரிய வேண்டும் என்று ஒருத்தி. நெற்றித் தழும்பை விட்டுவிடச் சொல்லி ஒருத்தி. அரைமணி நேரம் கழித்து அவளே, "போடுங்க டீச்சர், இல்லன்னா எங்கூட்டுக்காரரு நான்னே ஒத்துக்க மாட்டாரு" என்றாள். என் கணவர் டீ வாங்கி வர மூன்று முறை போனார். பட்டறையில் அவ்வளவு சிரிப்புச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

மாற்றிய படத்துக்கு மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் ஒரு பெண்; என்னைவிட வயதில் சிறியவர், போனில் எப்போதும் அவசரமாகப் பேசுவார். புதுப் படத்தை அனுப்பியதும் அவரே கூப்பிட்டார். "மேடம், இது வேற படம். ஆனா குழுகிட்ட நான் பேசறேன்" என்றார். என்ன பேசினாரோ, பத்து நாளில் ஒப்புதல் வந்தது.

நான்கு மாதம் வேலை. முகங்களைத் தகட்டில் கொண்டுவருவது நான் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. கன்னத்தின் வளைவுக்காக என் கணவர் தகட்டை மணல் மூட்டையில் வைத்து மரச்சுத்தியால் தட்டுவார்; நான் பக்கத்தில் நின்று போதும், போதும் என்பேன். போதும் என்று நான் சொன்ன பிறகும் ஒரு தட்டு தட்டுவார். அதனாலேயே மூன்று நாள் பேசாமல் இருந்திருக்கிறோம். இருபது வருடக் குடும்பத்தில் நாங்கள் சேர்ந்து செய்த முதல் வேலை அது. அவருடைய கைக்கு இவ்வளவு நிதானம் உண்டென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒருங்கிணைப்பாளர் பரிசோதிக்க வந்தார். குழந்தைகள் தொட்டால் கை கிழியக்கூடாது என்பது நிபந்தனை. எல்லா விளிம்பிலும் வெறுங்கையாலேயே தடவிக்கொண்டு போனார். நான்காவது பெண்ணின் முழங்கைக்கு அருகே விரலில் லேசாக ரத்தம் வந்துவிட்டது. என் கணவர் பதறிப்போனார். ஒருங்கிணைப்பாளர் விரலை வாயில் வைத்துக்கொண்டு, "நல்லவேளை, என் கை" என்றார். அடுத்த இரண்டு நாளும் என் கணவர் அரத்தோடு உட்கார்ந்து, முப்பது அடியையும் மறுபடி ராவினார்.

அன்று அக்காவும் பட்டறையில் இருந்தார். "எப்பம்மா நாங்க வந்து பாக்கறது?" என்று ஒருங்கிணைப்பாளரைக் கேட்டார்.

அவர் தயங்கினார். "அந்த ஹாலுக்குள்ள பிளைட்ல வந்து எறங்கறவங்க மட்டும்தான் வர முடியும்மா. வெளியிலேருந்து விட மாட்டாங்க."

"அப்போ நாங்க எங்கள பாக்கணும்னா ஏரோப்பிளேன்ல ஏறித்தான் எறங்கணுமா?"

அக்கா கோபப்படவில்லை, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒன்றுமே நடக்காதது போல அவர் கிளம்பியதுதான் என்னை வாட்டியது.

வழியை என் கணவர்தான் கண்டுபிடித்தார். சுவரில் பொருத்துவதற்கு ஆட்கள் வேண்டும். என்னைத் தவிர ஆறு பேருக்குத் தற்காலிக அனுமதி. அவரையும் பட்டறை ஆட்கள் இரண்டு பேரையும் கழித்தால் மூன்று இடம் மிச்சம். "லேடீஸ், அனுபவம் இருக்கா?" என்று ஒருங்கிணைப்பாளர் போனில் கேட்டார். "டிரெய்லர் மேல லோடு அடுக்கறவங்க மேடம். எங்கள விட ஒழுங்கா ஏத்தி எறக்குவாங்க" என்றார் என் கணவர். அது பொய்யில்லை.

ஏழு பேரில் எந்த மூன்று பேர் என்பதை அவர்களே பேசி முடித்துக்கொண்டார்கள். அக்கா, மூக்குத்திக்காரி, தழும்புக்காரி. நன்னடத்தைச் சான்றுக்காகக் காவல் நிலையத்துக்குப் போனபோது, "எதுக்கும்மா?" என்று கேட்ட காவலரிடம் அக்கா, "ஏர்போர்ட்டுல வேல" என்றாராம். அவர் நம்பாமல் இரண்டு தடவை படிவத்தைப் புரட்டிப் பார்த்தாராம். இதை அக்கா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கூடத்தை இன்னும் திறக்கவில்லை, பலகையடித்து மறைத்திருந்தார்கள். தகடுகளைச் சாக்கில் சுற்றி லாரியில் ஏற்றி, பின்னாலேயே வேனில் போனோம். மூன்று பெண்களுக்கும் மஞ்சள் ஹெல்மெட், பளபளக்கும் மேல்சட்டை. கொண்டையின் மேல் ஹெல்மெட் நிற்காமல் சாய்ந்துகொண்டே இருந்தது. மூக்குத்திக்காரி கொண்டையை அவிழ்த்துப் பின்னலாக்கிக்கொண்டாள். பளிங்கு மாதிரி தரை. மூன்று பேரும் செருப்பைக் கழற்றப் போக, பாதுகாப்பு அதிகாரி ஓடிவந்து, "ஷூ, ஷூ" என்று புதுக் காலணிகளைக் கொடுத்தார்.

மொத்தம் பதினோரு தகடுகள். முதல் நான்கு சுலபமாக ஏறின. ஐந்தாவது, அக்கா நிற்கிற தகடு. அதுதான் எல்லாவற்றிலும் கனம். போல்ட்டு ஓட்டை ஒரு விரல் அகலம் தள்ளி நின்றது. ஆண்கள் மூன்று பேரும் முட்டுக்கொடுத்துத் தள்ளினார்கள். நகரவில்லை. தரை கீறிவிடும் என்று கூடத்துப் பொறியாளர் பின்னாலிருந்து கத்திக்கொண்டே இருந்தார்.

"கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்றார் அக்கா. துண்டைச் சும்மாடு மாதிரிச் சுருட்டித் தகட்டின் அடிமுனைக்குக் கீழே வைத்தார். மற்ற இரண்டு பெண்களும் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராகத் தோள் கொடுத்தார்கள். "தம்பி, நீங்க புடிச்சிக்கினு மட்டும் நில்லுங்க, தள்ளாதீங்க" என்று என் கணவரிடம் சொல்லிவிட்டு, மூச்சை இழுத்து ஒரே ஆட்டு. தகடு துண்டோடு வழுக்கி, ஓட்டை நேருக்கு வந்தது. பொறியாளர் வாயை மூடிக்கொண்டார். பிறகு மிச்சத் தகடுகளுக்கெல்லாம் அவரே, "அம்மா, இங்க வாங்க" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

இரண்டாம் நாள் மதியம் எல்லாம் முடிந்தது. சாக்குத் தூசியைத் துடைத்துவிட்டு விலகி நின்றோம். ஏழு பேரும் எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்கள். அக்கா தன் உருவத்துக்கு எதிரில் போய் நின்றார். இரும்பு அக்காவின் காலடியில் கரும்புக்கட்டு கிடக்கிறது. ஒரு கை இடுப்பில், இன்னொரு கை பிடரியில். நிஜ அக்காவும் கொஞ்ச நேரத்தில் பிடரியைத் தடவினார். தெரிந்து செய்தாரா என்று தெரியாது.

"மூக்க கொஞ்சம் ஜாஸ்தியா வெச்சிட்டீங்க டீச்சர்" என்றார்.

அப்போது ஒருங்கிணைப்பாளர் பெயர்ப்பலகையைக் கொண்டுவந்து சுவரோரம் பொருத்தினார். அதில் படைப்பின் தலைப்பு, என் பெயர், மாவட்டம். அக்கா மெதுவாக எழுத்துக்கூட்டி என் பெயரைப் படித்துவிட்டு, "ஒங்க பேருதான்" என்று சந்தோஷமாகச் சொன்னார். மனசில் ஒன்றுமில்லாமல்தான் சொன்னார். எனக்குத்தான் முகத்தில் அடித்தது. முகங்களை வைத்துவிட்டு இவர்கள் யாரென்று சொல்லாமல் விட்டிருக்கிறேன். என் கணவரின் பெயர்கூட அதில் இல்லை.

ஒருங்கிணைப்பாளரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். "பிரிண்ட் பண்ணியாச்சே மேடம், மறுபடி அனுமதி வாங்கணும்" என்றார். நான் திரும்பி ஏழு முகங்களையும் பார்த்தேன். அவரும் சுவரைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, பேனாவோடு நேராக அக்காவிடம் போனார். "உங்க ஏழு பேர் பேரையும் சொல்லுங்கம்மா. இனிஷியலோட." அக்கா ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் எழுத, என் கணவர் கூச்சத்தோடு தன் பெயரைத் தானே கடைசியில் எழுதினார்.

மூன்று வாரம் ஆனது. கூடம் திறந்து, பெல்ட்டு ஓட ஆரம்பித்துவிட்டது. ஒரு நாள் மதிய இடைவேளையில் ஒருங்கிணைப்பாளர் படம் அனுப்பினார். புதுப் பலகை. தமிழில் ஒரு வரிசை, ஆங்கிலத்தில் ஒரு வரிசை, ஒன்பது பெயர்கள். பக்கத்தில் யாரோ ஒரு அம்மாள் தள்ளுவண்டியோடு நின்று படித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊர் அணைக்குப் போகும் வழியில் ஒரு வயலில் அக்கா வெட்டிக்கொண்டிருந்தார். ஸ்கூட்டியில் போய்ப் போனை நீட்டினேன். கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினார். பெரிதாக்கிக் காட்டினேன். தன் பெயரில் விரலை வைத்தவர் நிமிர்ந்தார்.

"எங்கப்பா இனிஷியல போட்டிருக்காங்களா?"

"நீங்க அதத்தானே சொன்னீங்க?"

"சொன்னேன். ஆனா ரேஷன் கார்டுலேருந்து அல்லாத்துலயும் எங்கூட்டுக்காரரு இனிஷியலுதான். இவங்களும் மாத்திருவாங்கன்னு நெனச்சேன்." உதிர்ந்த கரும்புச் சோகைக்கு நடுவில் நின்று இன்னொரு முறை பார்த்தார். "இத எம் பொண்ணுக்கு அனுப்புங்க. திருப்பூர்ல இருக்கா."

அனுப்பிய இரண்டாவது நிமிடம் அவருடைய போன் அடித்தது. "பாத்தியாடி?" என்று ஆரம்பித்தவர், கத்தியை வரப்பில் வைத்துவிட்டு, பேசிக்கொண்டே வாய்க்காலைத் தாண்டிப் போய்விட்டார். மதிய வகுப்புக்கு நேரமாகிவிட்டதால் நான் வண்டியைத் திருப்பினேன்.