அரிக்காத தடிப்பு

ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். சுண்ணாம்பும் கெமிக்கலும் பட்டுக் கையில் புண் வருவது எங்களுக்குச் சாதாரணம். அதனால் உள்ளங்கையில் சிவப்புத் தடிப்பு வந்தபோது எண்ணெய் தடவிக்கொண்டு வேலைக்குப் போனேன். அதற்குச் சில வாரம் முன்பு மறைவிடத்தில் ஒரு புண் வந்திருந்தது. வலிக்கவில்லை, தானே ஆறிவிட்டது. வெளியூரில் ஒரு பெண்ணிடம் போனதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். அவளுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்த அரசு மருத்துவமனையில் என்னையும் கூப்பிட்டார்கள். நர்ஸ் என் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"அரிக்குதாண்ணா?"

"இல்லம்மா. கெமிக்கல் பட்டது."

"கெமிக்கல்னா அரிக்கும். அவங்க ரத்தத்துல சிபிலிஸ் இருக்கு. உறவால பரவுற கிருமி. இந்தத் தடிப்பும் அதாலதான் இருக்கும். உங்களுக்கும் ரத்தம் எடுக்கணும்."

"கொழந்தைக்கு?"

"விட்டா வயித்துலயே செத்துக்கூடப் போவும். இப்பவே ரெண்டு பேரும் ஊசி போட்டுக்கினா காப்பாத்தலாம்."

வெளியே பெஞ்சில் இருந்த மனைவியிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"மொதல்ல ஊசி போட்டுக்கினு வா. மத்தத வீட்ல பேசிக்கலாம்" என்றாள்.

ஆணுறை போட்டிருந்தால் இது வராமலே போயிருக்கலாம். புண்ணைப் பார்த்த அன்றே மருத்துவமனைக்குப் போயிருந்தால் அவளுக்காவது வந்திருக்காது. புண் ஆறியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பினேன்.

இருவரும் ஊசி போட்டுக்கொண்டோம். பையன் பிறந்ததும் அவனுக்கும் ரத்தம் எடுத்தார்கள். நோய் இல்லை என்று சொல்லும்வரை நான் அவனைத் தூக்கவில்லை.