அழிக்காத கரும்பலகை

வெர்னா கணிதத் துறையை விட்டுப் போனது ஒரே ஒரு செமஸ்டருக்குத்தான். எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னாள். டுலூத் நகர மருத்துவமனையில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு மருந்தை எவ்வளவு இடைவெளி விட்டுக் கொடுத்தால் உடம்பு தாங்கும் என்று கணக்குப் போட ஆள் தேடினார்கள். போனாள்.

அவளும் அதே துறையில் வேலை பார்த்த ஆரினும் சேர்ந்து பாதி வரை கொண்டுவந்திருந்த நிரூபணம் அவன் அறைக் கரும்பலகையில் நின்றது. மூலையில் "அழிக்காதீர்கள்" என்று எழுதிவிட்டுத்தான் கிளம்பினாள். கணிதக்காரர்களுக்கு அது சத்தியம் மாதிரி. கூட்டித் துடைப்பவர்கள்கூடத் தொடமாட்டார்கள்.

ஒரு பெண்குழந்தை தேறியதும் திரும்பிவிடலாம் என்றிருந்தாள். அது தேறியது; அடுத்த படுக்கைக்கு இன்னொன்று வந்தது. அதை விட்டுவிட்டு எந்த முகத்தோடு போவது? இப்படியே தலை நரைத்தது. டாக்டர்கள் அவளைக் "கணக்கம்மா" என்றார்கள், கணிதக்காரர்கள் "டாக்டரம்மா" என்றார்கள். இரண்டு வீட்டிலும் விருந்தாளிதான், பாவம். ஏரிப் பக்கமிருந்து பனி கொட்டும் நாட்களில் அந்தப் பலகைக்காக மனசு ஏங்கும். பலகைக்காக மட்டுமா? ஆரினுக்காகவும்தான், இதில் மறைக்க என்ன இருக்கிறது?

ஓய்வு பெற்ற மறுநாள் காலையிலேயே போய் அவன் அறைக் கதவைத் தட்டினாள். ஆரின் ஓய்வு பெற்றும் அறையைக் காலி செய்யாமல் அடம்பிடித்துக்கொண்டிருந்தான்.

"வாங்க டாக்டரம்மா! செமஸ்டர் முடிஞ்சுதா?"

"வாயை மூடு. காபி இருக்கா?"

"இருக்கு. நீ போனப்போ போட்டது."

பலகை அப்படியே இருந்தது. சாக்பீஸ் மங்கும்போதெல்லாம் அதன் மேலேயே எழுதி எழுதிக் காப்பாற்றியிருந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மேலிருந்து படித்தாள். மூன்றாவது வரியில் நின்றாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். குழந்தைகளின் ரத்த அணுக்கள் ஏறி இறங்குவதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். இதுவோ யாரோ எழுதியதுபோல் இருந்தது.

"ஆரின், எனக்கு இது புரியலை." குரல் உடைந்தது. "நீயே சொல்லு. இந்த வரி எப்படி வந்துச்சு?"

அவன் பலகையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தான்.

"எனக்கும் தெரியலை, வெர்னா. ரொம்ப வருஷமாவே தெரியலை."

"அடப்பாவி! அப்புறம் எதுக்கு விடாம எழுதிக்கிட்டிருந்தே?"

"அழிச்சிட்டா நீ வரமாட்டேன்னு தோணிச்சு."

வெர்னா நாற்காலியைப் பலகையிலிருந்து அவன் பக்கம் திருப்பிப் போட்டாள்.

"வந்துட்டேன்ல," என்றாள். "இப்போ அழி."

அவன் டஸ்டரை எடுக்கவில்லை. அவளும் மறுபடி சொல்லவில்லை.