தேக்சாவோடு வண்டி பார்க்கப் போனது

பிரியாணி ஆக்குகிறவனுக்கு எதற்கு நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்று உத்திரமேரூரில் என்னைக் கேட்காதவர்கள் குறைவு. மலை ஏறப் போகிறாயா என்று டீக்கடையில் கிண்டல் வேறு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனாலும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பதில் சொன்னால் போன வருஷம் ஐப்பசியில் நடந்ததையும் சொல்ல வேண்டிவரும்.

விருந்துக்குச் சமைப்பது என் தொழில். என் வீட்டுக் கொல்லையிலேயே தேக்சா என்கிற பெரிய அண்டாவை அடுப்பில் ஏற்றி, மூடியைச் சுற்றி மாவு ஒட்டித் தம் போட்டு, அப்படியே வண்டியில் ஏற்றி விருந்து வீட்டில் கொண்டுபோய் இறக்குவேன். போய்ச் சேரும் நேரத்துக்குத் தம் பதமாகச் சேர்ந்திருக்கும். ஒரு மணி நேரம் பிந்தினால் போச்சு, சோறு குழைந்து பொங்கலுக்கு அண்ணனாகிவிடும்.

போன வருஷம் ஐப்பசியில் அதுதான் நடந்தது. ஏரிக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு விவசாயி, மூத்த மகளுக்குக் கல்யாணம் முடித்து மறுநாள் கறி விருந்து வைத்தார். கால்வாயைத் தாண்டினால் ஊர் வரைக்கும் களிமண் பாதை. முதல் நாள் மழையில் நான் வாடகைக்கு எடுத்திருந்த வேன் அச்சு வரை இறங்கிவிட்டது. செய்தி கேட்டுப் பெண்ணின் அப்பா ஓடிவந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, துண்டைக் கையில் சுற்றி, சூடான தேக்சாவின் ஒரு பக்கத்தைத் தானே தூக்கினார். சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க, சேறும் சகதியுமாக வாசல் சேர்ந்தோம். மூடியைத் திறந்தேன். கரண்டி உள்ளே போனது, வெளியே வர மறுத்தது.

அவர் திட்டியிருந்தால் நானும் ரெண்டு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். "வுடு பாய், யாரும் பசியோட போவல" என்று மட்டும் சொன்னார். எத்தனையோ இடத்தில் எத்தனையோ ஏச்சு வாங்கியிருக்கிறேன். எதுவும் இந்த ஒரு சொல்லைப் போல உறுத்தியதில்லை.

இந்த வருஷம் ஆவணியில் அவரே வந்து என் வாசலில் நின்றார்.

"சின்னதுக்கும் முடிவாயிட்ச்சு பாய். கார்த்திக மாசம் கல்யாணம். நீதான் ஆக்கணும்."

கார்த்திகை என்றால் அடைமழை. அந்தப் பாதையில் இன்றுவரை ஒரு கூடை ஜல்லி விழவில்லை. ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"இந்த வாட்டி வண்டி உங்க வூட்டு வாசல்லியே வந்து நிக்கும்ணா" என்று சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். உள்ளே இருந்து என் மனைவி வந்தாள்.

"எந்த வண்டிங்க?" என்றாள்.

புது வண்டியின் விலையைக் கேட்டாலே பசி அடங்கிவிடும். பழையதுதான் என்று முடிவாயிற்று. மனைவி தன் பங்குக்கு ஒரு நிபந்தனை போட்டாள். விருந்து மாதத்தில் நாலு நாள்தான். மற்ற நாளெல்லாம் அதே வண்டியில்தான் காஞ்சிபுரம் போய்வர வேண்டும், விறகும் அரிசியும் ஏற்ற வேண்டும். ஆகவே கதவு வேண்டும், மழை உள்ளே வரக் கூடாது. எனக்கும் ஒன்றே ஒன்று: என்னுடைய பெரிய தேக்சா, இருபது கிலோ அரிசி வேகிறது, பின்னால் ஆடாமல் உட்கார வேண்டும். டேப் எடுத்துக்கொண்டு போய் அளக்கலாம் என்றார் என் பழைய சிநேகிதரான மெக்கானிக். எனக்கு டேப்பில் நம்பிக்கை இல்லை. அவருடைய லோடு ஆட்டோவில் தேக்சாவையே ஏற்றினேன். மனைவி முன்னால் உட்கார, நான் பின்னால் தேக்சாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் ராஜகுளத்தில் ஒரு ஜீப். புதுப் பெயின்ட், பெரிய ஸ்பீக்கர், பார்க்க மாப்பிள்ளை மாதிரி நின்றது. விற்கிறவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொண்ணு பாக்கப் போறவங்க பூவும் பளமும் எடுத்துக்கினு போவாங்க. நீ இன்னா பாய், தேக்சா எடுத்துக்கினு வந்துகீறே?"

சிரிக்கட்டும் என்று தேக்சாவை ஏற்றினோம். இரண்டு பக்கத்துப் பெஞ்சுக்கும் நடுவில் போய் மாட்டிக்கொண்டது. அதை வெளியே எடுக்க அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் மனைவி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, "கதவே இல்லீங்க, வாங்க போலாம்" என்றாள்.

அடுத்தது திருப்புட்குழிப் பக்கம், ஒரு விவசாயி வீட்டில். முன்னால் மூடிய கேபின், பின்னால் திறந்த தொட்டி. நிறம் மங்கியிருந்தது, ஆனால் தேக்சா உள்ளே போய் அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது. மனைவி ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள், திறந்தாள், மறுபடி சாத்தினாள். கண்ணாடிக்குப் பின்னால் அவள் சிரித்ததைப் பார்த்ததுமே என் கை முன்பணத்துக்காகச் சட்டைப் பைக்குப் போய்விட்டது.

"இரு பாய்" என்று மெக்கானிக் ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்தார். கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து குரல் வந்தது. "கியர் பக்கத்துல நாலு சக்கரத்துக்கும் மாத்துற கம்பி கீது. முன்னால அச்சும் கீது. ரெண்டுத்தையும் சேக்குற ராடு எங்க?"

இன்ஜினின் இழுவையை முன் சக்கரங்களுக்குக் கொண்டுபோகிற நீளமான இரும்புத் தண்டு அது. அது இல்லாவிட்டால் நாலு சக்கரமும் இழுக்கும் என்பது பேச்சுக்குத்தான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. மொட்டை அடிக்கப் பார்த்தீர்களா என்று கத்தினேன். வண்டிக்காரர் கொஞ்சமும் அசரவில்லை.

"சும்மா சுத்திக்கினு டீசல் குடிச்சிது பாய், அதான் கயட்டிட்டேன். பத்திரமா கீது, வா காட்றேன்."

மாட்டுக் கொட்டகைக்குக் கூட்டிப் போனார். பாதி மண்ணுக்குள் புதைந்து நின்றது தண்டு. அதில் ஓர் எருமை கட்டியிருந்தது.

மெக்கானிக் எருமையை அவிழ்த்து அவர் கையில் கொடுத்துவிட்டுத் தண்டைப் பிடுங்கினார். சாணத்தைத் துடைத்து, தரையில் உருட்டிப் பார்த்து, "வளையல. முனையில கீற சாமான மாத்தினா போதும்" என்றார். தண்டு குறைந்த வண்டி என்று பேசி விலையையும் கொஞ்சம் இறக்கினோம். எல்லாம் படிந்த பிறகும் அவர் சாவியைத் தரவில்லை. எருமையைப் பிடித்தபடியே நின்றார். "இத எதுல கட்றது?" என்றார். நியாயம்தானே? மறுநாள் என் அடுப்புக்கு வைத்திருந்த சவுக்குக் கட்டைகளில் தடித்த ஒன்றைக் கொண்டுபோய் என் கையாலேயே நட்டுக் கொடுத்தேன். எருமையைக் கட்டி, அது இழுத்துப் பார்த்து அடங்கிய பிறகுதான் சாவி கைக்கு வந்தது.

மெக்கானிக் தண்டை மாட்டிவிட்டு ஏரிக்கரைச் சேற்றில் பாடம் நடத்தினார். முதலில் கீழே இறங்கி முன் சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் இருக்கிற குமிழைக் கையால் திருப்பி அச்சோடு பூட்ட வேண்டும். பிறகுதான் உள்ளே கம்பியைத் தள்ள வேண்டும். நான் இரண்டு தடவை மறந்தேன். மனைவி ஒரு தடவையும் மறக்கவில்லை. வண்டி வீட்டோடு ஒட்டிக்கொண்டது. விறகு வந்தது, அரிசி வந்தது, மழையில் நனையாமல் காஞ்சிபுரம் போய் மனைவி தன் அக்காவைப் பார்த்து வந்தாள். எனக்கு மட்டும் கார்த்திகை வரட்டும் என்றிருந்தது.

வந்தது. விருந்துக்கு முன் மூன்று நாள் விடாத மழை. தேக்சாவைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு கால்வாயைத் தாண்டினோம். போன வருஷம் வேன் புதைந்த அதே இடத்தில் பெண்ணின் அப்பா நின்றுகொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். தோளில் கயிறு. பக்கத்தில் நாலு ஆட்கள், கையில் இரண்டு மூங்கில்.

"எறக்கு பாய், தூக்கிக்கினு போயிடலாம்" என்றார்.

வண்டியை நிறுத்தினேன். "எறங்குங்க" என்றாள் மனைவி. தேக்சாவை இறக்கத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். "குமிழத் திருப்புங்க" என்றாள்.

திருப்பினேன். கம்பியைத் தள்ளினேன். வண்டி ஒரு பக்கம் சரிந்தது, உறுமியது, பிறகு நிதானமாகச் சேற்றை மிதித்துக்கொண்டு ஏறி மேட்டில் நின்றது. அவர் பின்னாலேயே மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"நான் வண்டி வாங்கினது தெரியாதாண்ணா?"

"ஏன் தெரியாது? நீ தேக்சா எடுத்துக்கினு போயி வாங்கினதச் சொல்லி ஊரே சிரிக்குதே."

"அப்புறம் எதுக்கு மூங்கில்?"

"வண்டின்னா மாட்டினாலும் மாட்டும். அதுக்கோசரம் உன் சோத்த வுட்டுட முடியுமா? பெரியவ கல்யாணத்துக்கு உன்னாண்ட வண்டி கீதான்னு பாத்தா கூப்ட்டேன்?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வருஷமாக எதை மீட்கவேண்டும் என்று அலைந்தேனோ, அது என்னை விட்டுப் போகவே இல்லை. நாலு ஆட்களும் மூங்கிலோடு பின்னால் ஏறித் தேக்சாவைப் பிடித்துக்கொண்டார்கள். வண்டி அவர் வீட்டு வாசலில் போய் நின்றது.

மூடியைத் திறந்தேன். சோறு ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிரி உதிரியாக நின்றது. முதல் தட்டை அவர் கையில் கொடுத்தேன். நின்றபடியே சாப்பிட்டார். தோளில் கிடந்த கயிற்றை எடுத்து வைக்க அவருக்கு நினைவில்லை.