ஐஸில் இருந்த கரு

என் கணவர் இறக்கக்கண்டிக் கடற்கரையில் மீன் வாங்கி விற்பவர். ஐஸிலிருந்து எடுத்த மீன் வெளிக்காற்றுப் பட்டால் தாங்காது என்பது அவருக்குத் தொழிலில் பழகிய விஷயம். எங்கள் மகளோ சோதனைக்குழாய் முறையில், உறைய வைத்திருந்த கருவிலிருந்து பிறந்தவள்.

"ஐஸில இருந்த புள்ள, காத்துப் பட்டாத் தாங்காது" என்று அவர் மின்விசிறியை நிறுத்தினார், ஜன்னல்களைச் சாத்தினார், போர்வைக்கு மேல் போர்வையாகச் சுற்றினார். எனக்கும் அது சரியென்றே பட்டது.

ஒரு மத்தியானம் பிள்ளையின் உடம்பு கொதித்தது. பால் குடிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டொக்டர் முதலில் போர்வைகளை அவிழ்த்தார். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிருமி எதுவும் இல்லை. சூடு தணிந்ததும் பால் குடித்தாள்.

"ஐஸில வச்ச கரு எண்டதாலயா டொக்டர்?" என்று கணவர் கேட்டார்.

"இல்ல, இந்த வெக்கையில நீங்க சுத்தின போர்வையால. கருவைத்தான் உறைய வச்சது. புள்ள வளந்தது இவங்கட வயித்துச் சூட்டில. மத்தப் புள்ளைகளப் போலயே பாருங்க."

இப்போது வீட்டில் ஜன்னல்கள் திறந்திருக்கின்றன. யாராவது குரலைத் தாழ்த்தி, "ஐஸில வச்ச புள்ளயா?" என்று கேட்டால் நான் விளக்கம் சொல்வதில்லை. "ஓம்" என்று சொல்லி, கேட்டவரின் கையிலேயே அவளைக் கொடுத்துவிடுகிறேன்.