ரெங்கம்மா கூப்பிட்ட பெரட்டு

இலங்கையில் மடுல்சீமைப் பக்கம் மேமலைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் ரெங்கம்மாவுக்குத் தமிழ்நாட்டுப் புயல் செய்தி என்றால் உயிர். அதற்காக சீரியலைக்கூட விட்டுக்கொடுப்பாள். டிஷ் அன்டெனா புண்ணியத்தில் கடலூரும் நாகப்பட்டினமும் அவளுக்கு அத்துப்படி. அங்கே வானம் கொஞ்சம் கறுத்தால் போதும், பள்ளிக்கூட லீவு, மணல் மூட்டை, ரப்பர் படகு, மழைக்கோட்டு மாட்டிய மந்திரி என்று அரசாங்கம் அமர்க்களப்படும். அத்தனைக்கும் பிறகு சென்னைத் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்பது வேறு கதை.

"நின்னாலும் சொல்லிட்டுத்தானே நிக்குது" என்பாள் ரெங்கம்மா.

இங்கே அரசாங்கம் வேறு மாதிரி. போன வெள்ளத்துக்கு ஆறு மாதம் கழித்து ஒருவர் வந்து, காய்ந்துபோன சுவர்களைப் படம் பிடித்துக்கொண்டு போனார்.

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை. மூன்று நாளாக அடைமழை, வேலை இல்லை. இலங்கையைக் கடந்து வரும் புயலுக்குப் பயந்து, மூன்று மணிக்குள் வெளியேறச் சொல்லித் தமிழ்நாட்டுக் கலெக்டர் ஒருவர் டிவியில் கத்திக்கொண்டிருந்தார். 'இங்க வந்துட்டுத்தானே அங்க போகும்' என்று ரெங்கம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தாங்கள் குடியிருக்கும் லயம் என்ற வரிசை வீட்டுக்குப் பின்னால் ஓடிப் பார்த்தாள். மலைச்சரிவில், காலையில் விரல் நுழைந்த மண் வெடிப்பில் இப்போது கால் நுழைந்தது. போனில் நீளமாக ஒரு சிங்கள மெசேஜும் வந்திருந்தது. லயத்தில் எல்லோருக்கும் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. போன் கம்பெனியின் ரீலோட் சலுகையாக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

குடும்பத்துக்கு ஓர் அறை என்றிருந்த பன்னிரண்டு காம்பராக் கதவையும் தட்டினாள். ஒருத்தரும் அசையவில்லை.

"அரசாங்கமே சும்மா இருக்கு. ஒனக்கென்னடி?" என்றாள் பக்கத்துக் காம்பரா வடிவம்மா.

ரெங்கம்மாவின் புருஷன் பொன்னையாதான் தினமும் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தப்பு மேளம் அடித்து ஆட்களைக் கூப்பிடுகிறவர்.

"தப்ப எடுங்க" என்றாள்.

"வேலையில்லாத நாள்ல அடிச்சா தோட்டத்து தொரை என் சீட்டக் கிழிச்சிருவாரு."

"லயமே போனா எங்க நின்னு தப்படிப்பீங்க?"

பொன்னையா அடுப்பில் தப்பைக் காய்ச்சி வெளுத்து வாங்கினார். பெரட்டுக்குப் பிந்தினால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். உயிருக்கு அசையாத ஜனம் அதற்கு அசைந்தது. கூடையும் இடுப்பில் பிள்ளையுமாக, துரையின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டு எதிர் மேட்டிலிருந்த பெரட்டுக்களத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கூப்பிட்டது ரெங்கம்மா என்று தெரிந்ததும் பெரிய சண்டை. சத்தம் கேட்டு, லயத்தில் மிச்சமிருந்தவர்களும் வேடிக்கை பார்க்க ஓடிவந்தார்கள்.

வடிவம்மா ரெங்கம்மாவின் கொண்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தபோதுதான் எதிரே மலை இறங்கியது. பன்னிரண்டு காம்பராவும் மண்ணுக்குள் போயின. வடிவம்மா கொண்டையை விடவே இல்லை. அப்படியே இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

நாலாம் நாள் ஓர் அதிகாரி படிவத்தோடு வந்தார்.

"யார் உத்தரவுல வெளியேறினீங்க?"

"தமிழ்நாட்டுக் கலெக்டரு சொன்னாருங்க" என்றாள் ரெங்கம்மா.

"அது வேற நாடும்மா! நாங்கதான் போனுக்கு மெசேஜ் அனுப்பினோமே!"

ரெங்கம்மா போனை நீட்டினாள். அவர் அதைத் தமிழில் சொன்னார்: "உங்க லயத்துக்குப் பின்னால மலை சரியப் போகுது. ஒடனே வெளியேறுங்க."

சுற்றி நின்ற பன்னிரண்டு குடும்பமும் முதல்முறையாக அதைக் கேட்டது. ரெங்கம்மா போனைத் திரும்ப வாங்கி இடுப்பில் செருகினாள்.

"அப்படியாங்க?" என்றாள். "சரிங்க, வெளியேறிட்டோம்னு எழுதிக்கங்க."